செந்தூல் கொண்டோவா, ரவாங் தரை வீடா, சிரம்பான் பக்கமே போய்விடலாமா?

செந்தூல்_வாடகை எழுதியது:

வணக்கம். முதல் வீடு வாங்கப் பார்க்கிறோம். இப்போது கோலாலம்பூர் செந்தூலில் மாதம் 1,600 வெள்ளி (ரிங்கிட்) வாடகை. எனக்கு டவுனில் டிஆர்எக்ஸ் நிதி மையம் பக்கம் ஆபீஸ், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். மனைவி சுங்கை பூலோ மருத்துவமனையில் தாதி. ஷிப்ட் மாறி மாறி வரும். பையனுக்கு 5 வயது, தமிழ்ப்பள்ளிதான் என்பதில் மாற்றம் இல்லை. கையில் ஒரு கார், ஒரு மோட்டார்.

மூன்று வீடு பார்த்து வைத்திருக்கிறோம். செந்தூல் பாராட் எம்ஆர்டி மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் 20 வருடப் பழைய கொண்டோ, 850 சதுர அடி, 430,000 வெள்ளி. ரவாங்கில் இரட்டை மாடி வீடு, 480,000, கொமுட்டர் (புறநகர் ரயில்) நிலையத்துக்கு 6 கிலோமீட்டர். சிரம்பானில் அப்பா அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒற்றை மாடி, 350,000.

வீட்டுப் பெரியவர்கள் நிலத்தோடு வரும் தரை வீடுதான் வீடு என்கிறார்கள். கூட வேலை செய்பவர்கள் டவுனை விட்டுப் போனால் பாதி வாழ்க்கை ரோட்டிலேயே போய்விடும் என்கிறார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கணக்கும், எதில் எங்கே சிக்கல் வரும் என்பதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

தண்டவாளம் எழுதியது:

கிலோமீட்டரை விடுங்கள். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் மேசை வரைக்கும் எத்தனை நிமிடம், அதுவும் மழை நாளில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, கவனித்தீர்களா தெரியவில்லை. இருவர் வேலையும் ஒரே ரயில் தடத்தில் விழுகிறது. எம்ஆர்டி புத்ராஜெயா தடம் குவாசா டாமான்சாராவில் தொடங்கி கம்போங் செலாமாட், சுங்கை பூலோ, கெப்போங் பாரு, செந்தூல் பாராட், தித்திவங்சா, அம்பாங் பார்க் வழியாக டிஆர்எக்ஸ் வந்து புத்ராஜெயா சென்ட்ரல் வரை ஓடுகிறது. முழுத் தடமும் 2023 மார்ச்சில் திறந்தது. செந்தூல் பாராட்டிலிருந்து டிஆர்எக்ஸ் ஏழாவது நிலையம், கால் மணி நேரம். நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்தாலும் 40 நிமிடத்தில் மேசையில் இருப்பீர்கள்.

ரவாங்கிலிருந்து: நிலையத்துக்கு மோட்டாரில் 15, நிறுத்திவிட்டு ரயிலுக்கு நிற்பது 15, கொமுட்டரில் குவாங் தாண்டி சுங்கை பூலோ வரை 20, அங்கே எம்ஆர்டிக்கு மாறி ஏற 10, டிஆர்எக்ஸ் வரை 40, நடை 10. மொத்தம் 110 நிமிடம். ஒரு வழிக்கு 70 நிமிட வித்தியாசம் என்றால் போக வர 140. மாதம் 22 வேலை நாளுக்கு ஏறக்குறைய 51 மணி நேரம்.

இது எல்லாம் சரியாக நடக்கிற நாளின் கணக்கு. எம்ஆர்டியைத் தவறவிட்டால் சில நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். கொமுட்டர் அப்படி இல்லை. உச்ச நேரத்திலேயே அரை மணி இடைவெளி விழும், பகலில் இன்னும் அதிகம். ஒரு ரயிலை விட்டால் 9 மணி என்பது 9:30 ஆகிவிடும். ஆகவே நேரத்துக்கு வர நினைப்பவர் ஒரு ரயில் முன்னதாகவே ஏறிப் பழக வேண்டியிருக்கும். 110 நிமிடம் நடைமுறையில் 130 ஆவது இப்படித்தான்.

50 வெள்ளி மாதப் பாஸ் இருக்கிறதே, அது எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரெயில், ரேப்பிட் பஸ்ஸுக்கு மட்டும். கொமுட்டர் வேறு நிறுவனம், அதற்குத் தனியாகக் காசு. 'ரவாங் போனாலும் 50 வெள்ளியில் முடிந்துவிடும்' என்று ஏஜெண்டு சொன்னால் நம்பாதீர்கள்.

தரை வீட்டு ஆசைக்காக இரண்டு மணி நேரம் ரயிலில் உட்காரத் தயார் என்றால் அது உங்கள் விருப்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு செவ்வாயோ புதனோ ரவாங் வீட்டு வாசலில் காலை 6:45க்கு நின்று, அங்கிருந்து ஆபீஸ் போய்ப் பாருங்கள். சனி ஞாயிறு போய்ப் பார்ப்பதில் புண்ணியமே இல்லை.

—

கணக்கு_வழக்கு எழுதியது:

எண்களைப் போடுகிறேன். கடன் 90%, 35 வருடம், வட்டி 4% என்று வைத்தால் மாதத் தவணை: செந்தூல் 1,714, ரவாங் 1,913, சிரம்பான் 1,395. கடன் 70 வயதுக்குள் முடிய வேண்டும் என்பது வங்கிகளின் பொது விதி. 35 வயதைத் தாண்டியிருந்தால் வருடம் குறைந்து தவணை ஏறும்.

தவணையை மட்டும் பார்த்தால் செந்தூலும் ரவாங்கும் 200 வெள்ளி வித்தியாசம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கமும்.

கொண்டோவுக்குப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சதுர அடிக்கு 35 காசு என்றால் 850 சதுர அடிக்கு 297.50. அதன் மேல் 10% சிங்கிங் ஃபண்ட், அதாவது பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி. சேர்த்து 327. அப்போது வீட்டுச் செலவு 2,041, இருவருக்கும் ரயில் பாஸ் 100, ஆக 2,141. கடன் முடிந்த பிறகும் இந்த 327 முடியாது, ஏறத்தான் செய்யும்.

ரவாங்கில் அந்த 327 இல்லை. காவலாளி வைத்த தாமானாக இருந்தால் மாதம் ஏதாவது கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் உங்கள் மனைவி மருத்துவமனைக்கு ஒரு வழி சுமார் 20 கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டும். மாதம் 880 கிலோமீட்டர், நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கிடைத்தால் 68 லிட்டர். லிட்டர் 2 வெள்ளி என்று போட்டால் 136, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனால் டோல் தனி. கார் அவரிடம் இருக்கும்போது நீங்கள் நிலையத்துக்கு எப்படிப் போவீர்கள்?

மோட்டாரில் என்றால் மாதச் செலவு 2,200 சொச்சத்தில் நின்றுவிடும், கிட்டத்தட்ட செந்தூல் கணக்கேதான். மழைக்கு ஒதுங்க முடியாது, இன்னொரு கார் வேண்டும் என்று போனால், பழைய சின்னக் காருக்கே தவணை 400க்குக் குறையாது. இன்சூரன்ஸும் சாலை வரியும் மாதத்துக்குப் பிரித்தால் 90, சர்வீஸ் டயர் 80. இவற்றுக்கே 570, பெட்ரோல் இன்னும் சேர்க்கவில்லை. ரவாங் வீடு அந்த நொடியில் 2,700ஐத் தாண்டும். மோட்டாரில் ஸ்டேஷன் போவீர்களா என்பதுதான் இங்கே மாதம் 500 வெள்ளிக் கேள்வி.

கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்? ரவாங் வீட்டுக்கு 10% முன்பணம் 48,000. வாங்கல் ஒப்பந்தத்துக்கு வக்கீல் கட்டணம் முதல் 500,000 வரை 1.25%, ஆக 6,000. கடன் ஒப்பந்தத்துக்கு அதே வீதம், 5,400. இரண்டுக்கும் 8% சேவை வரி 912. வங்கி மதிப்பீட்டுக்கு ஆயிரத்தை ஒட்டி. அதாவது 61,000 தாண்டும். முத்திரை வரி சேர்க்கவில்லை, ஏனென்றால் 500,000 வரையிலான முதல் வீட்டுக்கு விலக்கு உண்டு. இதில் கவனம்: இருவர் பெயரில் வாங்கினால் இருவருக்குமே அது முதல் வீடாக இருக்க வேண்டும். தாத்தா வீட்டில் வாரிசாக வந்த ஒரு சின்னப் பங்கு யார் பெயரில் இருந்தாலும் விலக்கு கேள்விக்குறி ஆகிவிடும். விலக்கு இல்லாமல் போனால் 480,000க்கு வீட்டு முத்திரை வரி 8,600, கடன் பத்திரத்துக்கு 0.5% என்று 2,160. வக்கீலிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

இபிஎஃப் சேமநிதியின் செஜாத்திரா கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடன் கடிதம் வந்த பிறகுதான் மனு செய்ய முடியும். அதனால் 10% முதலில் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

பழைய கொண்டோவில் இன்னொரு சங்கதி. வங்கி, விலையையும் மதிப்பீட்டையும் பார்த்து எது குறைவோ அதற்குத்தான் 90% கொடுக்கும். 430,000 கேட்கிற வீட்டை மதிப்பீட்டாளர் 400,000 என்றால் கடன் 360,000. மீதி 70,000 உங்கள் தலையில். முன்பணம் கட்டும் முன் இரண்டு மூன்று வங்கி அதிகாரிகளிடம் வாய்மொழி மதிப்பீடு கேளுங்கள். இலவசம்தான்.

—

சிரம்பான்_ரோடு எழுதியது:

சிரம்பான் வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், இப்போதைக்கு. கேஎல் சென்ட்ரல் வரை கொமுட்டரில் ஒன்றரை மணி நேரம். காஜாங்கில் இறங்கி எம்ஆர்டி பிடித்தால் டிஆர்எக்ஸுக்கு நேராக வரலாம், நீங்கள் ஒருவேளை தாக்குப் பிடிப்பீர்கள். மனைவிக்கு சுங்கை பூலோ என்பது கோலாலம்பூரைக் குறுக்கே கடந்து மறுகோடி. இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் ஓட்டுவது ஆபத்து.

தாதி வேலைக்கு இடமாற்றம் கேட்கலாம், துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை அங்கேயே இருக்கிறது. ஆனால் மாற்றம் கையில் வந்த பிறகு வீடு, வீட்டை வாங்கிவிட்டு மாற்றத்துக்குக் காத்திருப்பது இல்லை. அது நடந்தால் 1,395 தவணை, பேரனைப் பார்க்க தாத்தா பாட்டி, ஜாலான் லோபாக் தமிழ்ப்பள்ளி என்று எல்லாம் கூடி வரும்.

—

கிராண்டு_பார்த்தாச்சா எழுதியது:

இன்னும் யாரும் பத்திரத்தைத் தொடவில்லை. விலை படியும் முன்பே நிலப் பதிவகத்தில் ஒரு சர்ச் போடச் சொல்லுங்கள். கிராண்டில் (நிலப் பத்திரத்தில்) 'செக்காத்தான் கெப்பெந்திஙான்' என்ற வரியைத் தேடுங்கள், கட்டுப்பாடு அங்கேதான் எழுதியிருக்கும். பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கிய பூமி லாட் என்றால் நமக்கு விற்க மாநில அனுமதி வேண்டும், கிடைப்பது நிச்சயமில்லை. மலாய் ரிசர்வ் நிலம் என்றால் பேச்சே இல்லை. லீஸ்ஹோல்ட் (குத்தகைக் கால நிலம்) என்றால் பெயர் மாற்றத்துக்கே மாநில ஒப்புதல் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிடாதீர்கள். மீதி வருடம் 60க்கு அருகில் வந்துவிட்ட லீஸ்ஹோல்டுக்கு வங்கிகள் முகம் சுளிக்கும்.

ஏஜெண்டிடம் 2 அல்லது 3% கட்டி கையெழுத்துப் போடும் தாளில், கடன் கிடைக்காவிட்டால் பணம் முழுதாகத் திரும்ப வரும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. ஏஜெண்டின் ஆர்இஎன் பதிவு எண்ணையும் சரிபாருங்கள். பணத்தை அவர் சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரவாங் வீட்டில் பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டியிருந்தால் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் அனுமதிப் பிளான் இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி இல்லாத பகுதியை மதிப்பீட்டாளர் கணக்கில் எடுக்கமாட்டார். அதோடு இழுத்துக் கட்டிய இடமும் பழைய சுவரும் சேரும் கோட்டில்தான் விரிசலும் ஒழுகலும் முதலில் வரும்.

வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரை வரை தண்ணீர் நின்றதைப் பார்த்த பிறகும் இதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தரை வீடு என்றால் சுவரில் முழங்கால் உயரத்தில் நிறம் மாறிய கோடு, கீழ்ப்பகுதியில் மட்டும் புதுப் பெயின்ட், வழக்கத்தை விட மேலே ஏற்றி வைத்த பிளக் பாயிண்ட், கதவு நிலையின் அடியில் உப்பல் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மளிகைக் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்தக் கடைக்காரருக்குக் கமிஷன் கிடையாது. கொண்டோவில் மாடி வீட்டுக்கு வெள்ளம் வராது, கார் நிறுத்துமிடத்துக்கு வரும். ஜாலான் ஈப்போ பக்கம் திடீர் வெள்ளம் புதிதல்ல. கார் இன்சூரன்ஸில் வெள்ளக் காப்பு தானாக வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். வங்கி எடுக்கச் சொல்லும் அடிப்படைத் தீக் காப்பிலும் அப்படித்தான்.

தண்ணீர். சிலாங்கூரில் விநியோகம் தடைபட்டால் ஒரு நாளில் வரலாம், மூன்று நாளும் ஆகலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் என்றால் மூவருக்கு 600. மேலே 400 கேலன் தொட்டி, அதாவது 1,800 லிட்டர், இருந்தால் மூன்று நாள் ஓட்டலாம். 100 கேலன் தொட்டி இருக்கும் வீட்டில் மறுநாளே வாளி தூக்க வேண்டும்.

புதுத் தாமானில் இன்டர்நெட் இருக்கிறதா என்று வீட்டு எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். தெருவுக்கு ஃபைபர் வந்திருக்கும், போர்ட் நிறைந்திருக்கும்.

—

செந்தூல்_வாடகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சிரம்பானை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டோம். மனைவிக்கு ஒரு சந்தேகம்: செந்தூலில் இருந்தால் அவரும் ரயிலிலேயே ஷிப்ட் போய் வர முடியுமா? அவருக்குக் காலை ஷிப்ட் வரும் நாளில் பையனை யார் பள்ளியில் விடுவது?

—

தண்டவாளம் எழுதியது:

அரசு மருத்துவமனை ஷிப்ட் 7 முதல் 2, 2 முதல் 9, 9 முதல் மறுநாள் 7. முதல் ரயில் காலை 6 மணியை ஒட்டி. செந்தூல் பாராட்டிலிருந்து சுங்கை பூலோ பக்கம் அரை மணி நேரம், நிலையத்திலிருந்து மருத்துவமனை நடக்கும் தூரமில்லை, கிரேப் வாடகைக் காரோ ஃபீடர் பஸ்ஸோ வேண்டும். காலை ஷிப்டுக்கு 6:45க்கு உள்ளே இருக்க வேண்டியவருக்கு ரயில் சரிப்படாது. அந்த நாள்களில் கார் எடுக்கட்டும். நகரத்தை விட்டு வெளியே போகும் திசை, அந்த நேரத்தில் ரோடு காலியாகத்தான் இருக்கும். மாலை, இரவு ஷிப்டுகளுக்கு ரயில் தாராளமாக ஒத்து வரும். இரவு 9 மணிக்கு முடித்து வரும்போது கிரேப் சில சமயம் விலையேறும், அவ்வளவுதான்.

பையன் விஷயத்தில்தான் ரவாங் உண்மையில் இடிக்கும். அம்மாவுக்குக் காலை ஷிப்ட் என்றால் 6:15க்குக் கிளம்பிவிடுவார். அப்பா 9 மணிக்கு டிஆர்எக்ஸில் இருக்க 6:45க்கு வீட்டை விட வேண்டும். பள்ளி தொடங்குவது ஏழரையை ஒட்டி. ரவாங் தமிழ்ப்பள்ளி அங்கேயே இருந்தும் கொண்டு போய் விட ஆளில்லை. பள்ளி வேன்தான் வழி, வேன் இருட்டிலேயே வந்து நிற்கும். செந்தூலில் 7:15க்கு தம்புசாமி பிள்ளை தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு நிதானமாக ரயில் ஏறலாம். மதியம் பள்ளி விட்ட பிறகு இரண்டு ஊரிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள டிரான்சிட் வேண்டும், அது பொதுப் பிரச்சினை. எந்தப் பள்ளியானாலும் ஒன்றாம் ஆண்டுப் பதிவு ஆன்லைனில் முன்கூட்டியே திறக்கும், 5 வயது என்றால் இப்போதே பாருங்கள். முகவரிக்கு மின்சார அல்லது தண்ணீர் பில் கேட்பார்கள், வாடகை வீட்டில் பில் யார் பெயரில் இருக்கிறது?

இன்னொன்றும் யோசியுங்கள். செந்தூலும் ரவாங்கும் மட்டும்தான் என்று யார் சொன்னது? அதே தடத்தில் கெப்போங் பாரு, மெட்ரோ பிரிமா, டாமான்சாரா டாமாய் எல்லாம் இருக்கின்றன. மனைவிக்குப் பாதி தூரம் குறையும், உங்களுக்கு மாறாமல் ஒரே ரயில், 50 வெள்ளிப் பாஸும் செல்லும். கெப்போங் பக்கம் பழைய தரை வீடுகூட அகப்படும், விலைதான் உங்கள் வரம்பைத் தாண்டும்.

—

கணக்கு_வழக்கு எழுதியது:

மேலே சொன்னதோடு ஒத்துப் போகிறேன், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இரண்டாவது பிள்ளை, வயதான பெற்றோர் கூட வந்து தங்குவது என்று யோசனை இருந்தால் 850 சதுர அடி சீக்கிரம் போதாமல் போகும். விற்று மாறும்போது ஐந்து வருடத்துக்குள் என்றால் லாப வரி வரலாம், மறுபடி வக்கீல் செலவு, அப்போது முதல் வீட்டு விலக்கும் இருக்காது. அந்த எண்ணம் இருந்தால் இன்னும் ஒரு வருடம் 1,600 வாடகையிலேயே இருந்து, முன்பணத்தைப் பெருக்கி, டாமான்சாரா டாமாய் பக்கம் 1,000 சதுர அடிக்கு மேல் தேடுவது மோசமில்லை.

—

கிராண்டு_பார்த்தாச்சா எழுதியது:

கொண்டோதான் என்றால் நிர்வாக ஆபீஸில் கேட்க வேண்டியவை: கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பு, தணிக்கை செய்த கணக்கு, சிங்கிங் ஃபண்டில் மீதி எவ்வளவு, எத்தனை வீடு கட்டணம் பாக்கி. வாங்குவதற்கு முன் உங்களுக்குக் கொடுக்க மறுக்கலாம், வீட்டுக்காரரைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். 20 வருடக் கட்டடத்தில் லிஃப்ட் மாற்றுவது, கூரையில் வாட்டர்ப்ரூஃப், தண்ணீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் வரிசையில் நிற்கும். ஃபண்டில் பணம் இல்லையென்றால் வீட்டுக்கு வீடு தனியாக வசூல் வரும். விற்பவரின் பராமரிப்புப் பாக்கி, இண்டா வாட்டர் (கழிவுநீர்) பாக்கி, மதிப்பீட்டு வரி ரசீது மூன்றையும் சாவி வாங்குவதற்கு முன் வக்கீல் கேட்டு வாங்க வேண்டும்.

குளியலறைக் கூரையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், மேல்வீட்டு ஒழுகல் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒழுகினால் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது ஸ்த்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதி. வேறு காரணம் நிரூபணம் ஆகாத வரை கோளாறு மேல்வீட்டில் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வீடு பார்க்க வேலை நாள் இரவு 7 மணிக்குப் போங்கள். எத்தனை லிஃப்ட் ஓடுகிறது, மேலே போக எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், வீட்டோடு வரும் ஒரு பார்க்கிங் லாட்டைத் தவிர மோட்டாருக்கு இடம் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.